பார்சல் வந்து சேர்ந்தது

மார்ச் 3

மருந்துக்கடை மகாராணியான என் அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்காதே. முதலாளி ஸ்டூல் தரமாட்டேன் என்றால் சொல், எங்கள் கம்பெனியிலிருந்து ஒரு பிஸ்கட் டின் அனுப்பிவைக்கிறேன், கவிழ்த்துப் போட்டு உட்காரலாம்.

உன்னிடம் ஒரு விஷயம் கேட்கவேண்டும். என் பிரஷர் மாத்திரை தீரப்போகிறது. வழக்கம்போல காலி அட்டையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். ஒன்பது வருஷமாக அதைக் காட்டித்தான் வாங்குகிறேன், வாயைத் திறக்கவே வேண்டியதில்லை. இந்தத் தடவை கடைக்காரர் கையை நீட்டி, "சீட்டு எங்க?" என்றார்.

"எந்தச் சீட்டு?"

"டாக்டர் சீட்டு. இந்த மாசம் எழுதினது."

"அண்ணே, ஒன்பது வருஷமா என் மூஞ்சியப் பாக்குறீங்க."

"மூஞ்சியப் பாத்து மருந்து குடுத்தா கடைக்குப் பூட்டு போடுவாங்க தம்பி. புது உத்தரவு."

ஆஸ்பத்திரி டாக்டர் பார்ப்பது காலையில் மட்டும், அதுவும் வேலை நாளில். எங்கள் தகர டப்பா கம்பெனியில் ஒரு மிஷினுக்கு மூன்று பேர். நெட்டை தகடு வைப்பான், நான் அழுத்துவேன், மாமா டப்பாவை எடுத்து அடுக்குவார். அவர் யாருக்கு மாமாவோ தெரியாது, எல்லாருக்கும் மாமா. கூலி டப்பாக் கணக்கு. ஒருத்தன் வரவில்லை என்றால் மிஷின் நிற்கும், மற்ற இரண்டு பேருக்கும் அன்றைக்குப் பூஜ்யம். நான் எப்படி லீவு போடுவது? உன் தொழிலில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா?

பதினொரு மாத்திரை கையில் இருக்கிறது. அதற்குள் எழுது. வாலு உனக்கு முத்தம் தரச் சொன்னாள், காகிதத்தில் எச்சில் படும் என்று நான் தடுத்துவிட்டேன்.

உன் தம்பி

மார்ச் 14

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கண்டேன். எல்லாரும் சுகம் என்று படித்ததும் நிம்மதி. எனக்குக் கால்வலி கொஞ்சம் தேவலை.

வழி ஒன்றும் கிடையாது. டாக்டரைப் போய்ப் பார், அதுதான் வழி. சட்டம் எழுதினவர்கள் முட்டாள்கள் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிப் போட்டுச் சிறுநீரகம் கெட்டுப்போன ஒருவர் எங்கள் கடைக்கே வருகிறார். உனக்கும் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் எழுதின அளவே இன்னும் சரியா என்று யாருக்குத் தெரியும்?

இங்கேயும் கெடுபிடி அதிகம். எதிர்வரிசைக் கடையில் சீட்டு இல்லாமல் இருமல் மருந்து கொடுத்தார்கள் என்று மூன்று மாதம் சீல் வைத்துவிட்டார்கள். அங்கே வேலை பார்த்த பெண்ணின் உரிமத்தையும் ரத்து செய்துவிட்டார்கள். என் உரிமமும் கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் தொங்குகிறது. ஜூன் மாதம் புதுப்பிக்கவேண்டும். நானும் தலையைக் குனிந்துகொண்டுதான் இருக்கிறேன்.

ஒரு நாள் விஷயம். சோம்பல்படாமல் போய் வாங்கிவிடு. மாத்திரையை மட்டும் நிறுத்தாதே. திடீரென்று நிறுத்தினால் பிரஷர் முன்னைவிட மோசமாக ஏறும். வாலுவுக்கு என் ஆசி. தடுக்காமல் முத்தத்தை அனுப்பு.

அக்கா

ஏப்ரல் 24

அக்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? இங்கே சுகத்துக்குக் குறைவில்லை. பதில் எழுதத் தாமதம், மன்னித்துக்கொள்.

நீ சொன்னபடியே போனேன். ஒரு நாள் விஷயம் இரண்டு நாள் ஆனது. முதல் நாள் டாக்டர் வரவில்லை. பதினொரு மணிவரை உட்காரவைத்து, "நாளைக்கு வாங்க" என்றார்கள். மறுநாள் என் டோக்கன் எழுபத்துநாலு. உள்ளே போனேன். டாக்டர் என் காலி அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை.

"அதே மாத்திரைதானே? தலைசுத்தல் இருக்கா?"

"காலைல இருந்து வரிசையில நின்னதுல கொஞ்சம் இருக்கு, டாக்டர்."

பாவம், சிரிக்கக்கூட அவருக்கு நேரமில்லை. பிரஷர் பார்க்கும் கருவி ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். அட்டையில் இருந்த பேரைப் பார்த்து அப்படியே எழுதிக்கொடுத்தார். இரண்டு நிமிஷம். முப்பது மாத்திரை. அடுத்த மாதம் மறுபடி வரவேண்டுமாம்.

அந்த இரண்டு நாளும் மிஷின் நின்றது. நெட்டை மூஞ்சிக்கு நேராகவே கேட்டான், "உனக்கு பிரஷர்னா எங்களையும் சேத்துப் பட்டினி போடுவியாடா?" என்று. அவன் திட்டினது தேவலை. மாமா என் பக்கம் திரும்பாமலே டப்பாவை அடுக்கிக்கொண்டிருந்தார். மனசு விட்டுப்போயிற்று. சூப்பர்வைசர் அதற்கு மேல். இன்னொரு தடவை லீவு என்றால் என்னை மூட்டை ஏற்றுகிற வேலைக்குத் தள்ளிவிடுவாராம். கூலி பாதி.

அதனால் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட்டுக்கொள்கிறேன். திட்டாதே.

அக்கா, உன்னிடம் நான் எதுவும் கேட்டதில்லை. கேட்கக்கூடாது என்றும் தெரியும். உன் அலமாரியில் அதே மாத்திரை நிறைய இருக்குமே? கொஞ்சம் அனுப்ப முடியுமா? முடியாது என்றால் முடியாது என்று எழுது, நான் வருத்தப்படமாட்டேன். நிஜமாகவே.

என் வீட்டுக்காரிக்கு ஓட்டல் துணி தேய்த்துத் தேய்த்து விரலெல்லாம் கொப்புளம். அதற்கு ஏதாவது களிம்பு இருந்தால் பெயரை எழுது. அதற்கும் சீட்டு வேண்டுமோ என்னவோ!

உன் தம்பி

மே 6

என் ராஜாவுக்கு,

எனக்கு ஒரு குறையும் இல்லை. உன்னை நினைத்துத்தான் கவலை. "ஒரு நாள் விஷயம்" என்று நான் எழுதினதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. எனக்கு மாதச் சம்பளம். வரிசையில் நிற்கிறவன் கூலியை நான் என்ன கண்டேன்?

போன வாரம் ஒரு ஆட்டோக்காரர் வந்தார். உன் மாத்திரையேதான். சீட்டு இல்லை. "அம்மா, ரெண்டு மாத்திரை போதும், திங்கக்கிழமை சீட்டோட வரேன்" என்று கெஞ்சினார். முடியாது என்றேன். திங்கட்கிழமை அவர் வரவில்லை. அன்றைக்குச் சரக்குப் பிரித்தபோது அதே மாத்திரை ஆறு பெட்டி தேதி முடிந்து கிடந்தது. அழிப்பதற்குத் திருப்பி அனுப்பினோம். முன்பெல்லாம் ஒரு வாரத்தில் விற்றுத் தீருகிற சரக்கு. வாங்கினவர்கள் எல்லாரும் குணமாகியா போய்விட்டார்கள்?

சரி, கேள். தொண்ணூறு மாத்திரை, மூன்று மாதத்துக்கு, என் காசில் எடுத்துப் பார்சலில் போட்டுவிட்டேன். துணிக்கு நடுவில் வைத்திருக்கிறேன். பத்து நாளில் வந்துவிடும். வந்ததும் முழு மாத்திரையாகப் போடு. லீவு போடாதே, ஆஸ்பத்திரிக்கு அலையாதே. யாரிடமும் சொல்லாதே, தெரிந்தால் என் உரிமம் போய்விடும். கொப்புளத்துக்குக் களிம்பும் உள்ளே இருக்கிறது. அதற்குச் சீட்டு வேண்டாம், சிரி.

அக்கா

ஜூன் 2

தங்கமான அக்காவுக்கு,

சுகம்தானே? இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது, மற்றபடி சௌக்கியம்.

பார்சல் இன்னும் வரவில்லை. அவசரம் ஒன்றும் இல்லை, சும்மா சொல்லிவைக்கிறேன். தபால்காரரைப் பார்த்தாலே நான் எழுந்து நிற்கிறேன். "என்னப்பா, பொண்ணு பாத்த இடத்துல இருந்து கடுதாசி வரணுமா?" என்று கேட்கிறார்.

உன் கடிதம் வருவதற்கு முன்னால் ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தேன். ஓய்வுபெற்ற பழைய ஆள் ஒருவர் எனக்குப் பதிலாக இரண்டு நாள் மிஷினில் நிற்க ஒத்துக்கொண்டிருந்தார். சூப்பர்வைசரும் அரைமனசாகத் தலையாட்டிவிட்டார். நீ அனுப்பிவிட்டேன் என்றதும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியவர் இப்போது மகன் வீட்டுக்குப் போய்விட்டார். பரவாயில்லை, பார்சல்தான் வரப்போகிறதே.

இன்னும் நாலு அரை மாத்திரை இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

ஜூன் 11

தம்பிக்கு,

எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்? நான் இருக்கிறேன்.

பார்சல் வரவில்லை என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. இப்போது தபாலில் மருந்துப் பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்கிறார்களாம். பிடித்துவைத்திருப்பார்களோ? மேலே என் பெயரும் விலாசமும் இருக்கின்றன. உரிமம் புதுப்பிக்கிற காகிதம் இந்த மாதம்தான் அதிகாரி மேஜையில் இருக்கிறது. கடைக்கு யாராவது கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தாலே சோதனை அதிகாரியோ என்று உள்ளறைக்குப் போய்விடுகிறேன். நேற்றுச் சில்லறையை மாற்றிக் கொடுத்துவிட்டு முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்டேன். இந்த வேலையும் போனால் நான் எங்கே போவேன்?

முடிந்தால் எப்படியாவது டாக்டரைப் போய்ப் பார்த்துவிடு. வந்ததா இல்லையா என்று ஒரு வரி உடனே எழுது.

அக்கா

ஜூன் 20

பயந்தாங்கொள்ளி அக்காவுக்கு,

சுகம், சுகம், சுகம். மூன்று பேருக்கும் ஆளுக்கு ஒன்று.

பார்சல் வந்து சேர்ந்தது! போய் நிம்மதியாகத் தூங்கு. நேற்றுச் சாயங்காலம் கொண்டுவந்து தந்தார்கள். ஒரு மூலை நசுங்கியிருந்தது, அவ்வளவுதான். யாரும் பிரித்த மாதிரித் தெரியவில்லை. மாத்திரை தொண்ணூறும் சரியாக இருக்கிறது, எண்ணிப்பார்த்துவிட்டேன். களிம்பை இவள் விரலில் பூசியாகிவிட்டது. வாலு அந்தப் பெட்டியில் பொம்மையைப் படுக்கவைத்துத் தாலாட்டுப் பாடுகிறாள்.

இன்றைக்கே முழு மாத்திரை போட்டுவிட்டேன். இனி நீ கோட்டுப் போட்ட ஆளைப் பார்த்தால் தைரியமாக "என்ன வேணும்?" என்று கேள். சில்லறையை ஒழுங்காகக் கொடு.

உன் அன்புத் தம்பி

ஜூலை 5

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

இங்கே நல்ல மழை. கடை வாசலில் தண்ணீர் நிற்கிறது. உரிமம் புதுப்பித்துக் கொடுத்துவிட்டார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள். தலைவலி, மயக்கம் ஏதாவது இருந்தால் உடனே டாக்டரிடம் போ. கூலி போனால் போகட்டும். குழந்தைக்கும் அவளுக்கும் என் அன்பு.

அக்கா

ஆகஸ்ட் 2

அண்ணிக்கு வணக்கம். நீங்கள் நல்லபடியாக இருக்கவேண்டும்.

அவர் எழுதுவார் என்றுதான் நான் உங்களுக்கு எழுதுவதே இல்லை. இப்போது அவரால் எழுத முடியாது. போன வியாழக்கிழமை மிஷினில் நின்றுகொண்டிருந்தவர் அப்படியே சரிந்துவிட்டார். அழுத்துகிற பிடியிலிருந்து வலது கை வரவில்லையாம். நெட்டை அண்ணன்தான் ஓடிப்போய் மின்சாரத்தை நிறுத்திக் கையைப் பிரித்து எடுத்தார். இல்லையென்றால் விரல்கள் போயிருக்கும். பக்கவாதம். வலது பக்கம் அசைவில்லை. பேச்சு இல்லை. உயிருக்குப் பயமில்லை என்கிறார்கள். கண் எல்லாரையும் அடையாளம் கண்டுகொள்கிறது.

டாக்டர் என்ன மாத்திரை போடுகிறார் என்று கேட்டார். நீங்கள் மாத்திரையும் களிம்பும் அனுப்பியிருப்பதாக அவர் என்னிடம் சொல்லியிருந்தார், அதை எடுத்துவர வீட்டுக்கு ஓடினேன். அலமாரி, பெட்டி, பாய்க்கு அடியில், எல்லா இடத்திலும் தேடினேன். ஒரு மாத்திரை இல்லை. பார்சல் எப்போது வந்தது என்று யோசித்தேன். எனக்கு எந்தக் களிம்பும் அவர் தரவில்லையே அண்ணி.

நெட்டை அண்ணனிடம் கேட்டேன். தலையில் அடித்துக்கொண்டு அழுதார். "பார்சல் வரவே இல்லம்மா. அக்கா பயந்துபோய்க் கிடக்கா, தூங்கலையாம், வந்துருச்சுன்னு எழுதிப் போட்டுட்டேன்னு எங்கிட்டச் சொல்லிச் சிரிச்சான். நானும் அவன லீவு போட விடல. நான் ஒரு பாவி" என்றார். ஒரு மாதத்துக்கு மேல் மாத்திரையே இல்லாமல் இருந்திருக்கிறார். எனக்கும் தெரியாது. தலைவலி என்பார், மிஷின் சத்தம் என்று நினைத்துத் தைலம் தேய்த்துவிட்டேன்.

அவர் உங்களிடம் பொய் சொன்னதை மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள். உங்கள்மேல் இருந்த பாசத்தில் செய்துவிட்டார். நீங்கள் கஷ்டப்பட்டு அனுப்பின மருந்து எந்த மூலையில் கிடக்கிறதோ. அவரை மன்னித்துவிடுங்கள்.

உங்கள் உடம்பைக் கவனித்துக்கொள்ளுங்கள். வாலு பெரியவள் மாதிரி நடந்துகொள்கிறாள்.

உங்கள் தம்பி மனைவி

ஆகஸ்ட் 10

அம்மாடி,

உன்னிடம் சுகம் விசாரிக்கிற தகுதி எனக்கு இல்லை. ஆனாலும் கேட்கிறேன், நீ சாப்பிடுகிறாயா? குழந்தை சாப்பிடுகிறதா?

உன் கடிதம் வந்த அன்றே ரயில் ஏறியிருக்கவேண்டும். இரண்டு தடவை பையை எடுத்து இரண்டு தடவையும் திரும்ப வைத்தேன். இதை எழுதாமல் உன் முகத்தில் விழிக்க முடியாது.

பார்சலை நான் அனுப்பவே இல்லை.

மே ஆறாம் தேதி கட்டி எடுத்துக்கொண்டுதான் போனேன். தபாலாபீஸ் வாசலில் பெட்டி, உள்ளே பார்சல் கவுண்டர். எப்படியும் அனுப்பத்தானே போகிறோம் என்று "அனுப்பிவிட்டேன்" என்று எழுதின கடிதத்தை வாசல் பெட்டியில் போட்டுவிட்டு உள்ளே வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவரிடம், "உள்ள என்ன இருக்கு, எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்று ஒரு காகிதத்தை நீட்டினார்கள். எனக்கு எதிர்க்கடைப் பெண்ணின் ஞாபகம் வந்துவிட்டது. உரிமம் போன பிறகு அவள் வீட்டுவேலைக்குப் போகிறாள். வரிசையை விட்டு வந்துவிட்டேன். நாளைக்குப் போகலாம், உரிமம் புதுப்பித்ததும் போகலாம் என்று நாளைக் கடத்தினேன். பார்சல் என் பீரோவில் இருக்கிறது. களிம்பும் அதில்தான் இருக்கிறது.

அவன் வரவில்லை என்று எழுதினதும் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல், பார்சலைப் பிடித்துவிட்டார்களோ என்று நடித்தேன். அப்புறம் வந்து சேர்ந்தது என்று எழுதினான். அதைப் படித்த நிமிஷமே எனக்குத் தெரியும், அவனிடம் மாத்திரை இல்லை என்று. இந்த உலகத்தில் எனக்கு ஒருத்திக்குத்தான் அது தெரியும். அது பொய் என்று எழுதினால் என் பொய் வெளியே வந்துவிடும். அதனால் மழை பெய்கிறது என்று எழுதினேன். உரிமம் கிடைத்துவிட்டது என்று எழுதினேன்.

மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று படித்தவள் நான். அந்தப் படிப்புக்குப் பணம் கட்டினவன் அவன்.

இதை அவனுக்குப் படித்துக்காட்டு. அவன் என்னைத் திட்டட்டும், பேச்சு வராவிட்டாலும் கண்ணாலாவது திட்டட்டும். நீ வா என்று சொன்னால் வருகிறேன். வேலையை விட்டுவிட்டு வந்து அவனைப் பார்த்துக்கொள்கிறேன்.

அக்கா

செப்டம்பர் 3

அண்ணிக்கு,

நீங்கள் சுகமா என்று கேட்க இன்றைக்கு மனசு வரவில்லை. அவர் கேட்கச் சொல்வார் என்பதால் கேட்கிறேன்.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிழித்துப் போடப் போனேன். மூன்று வாரம் பதில் எழுதவில்லை. வேண்டுமென்றேதான் எழுதவில்லை. நான் துணி தேய்க்கிற வேலையை விட்டுவிட்டேன். காலையில் அவரைத் திருப்பிப் படுக்கவைத்து, துடைத்து, கஞ்சியை வாயில் ஊற்றுகிறேன். ஒரு பக்கம் வழிகிறது. ஒவ்வொரு தடவை வழியும்போதும் நீங்கள் வரிசையை விட்டு வெளியே வந்ததுதான் கண்ணில் நிற்கிறது. உங்களுக்குப் பயம் என்றால் அனுப்பவில்லை என்று ஒரு வரி போட்டிருந்தால் போதுமே அண்ணி! அந்தப் பெரியவரை மிஷினில் நிறுத்திவிட்டு இவர் டாக்டரிடம் போயிருப்பாரே!

இப்போது சீட்டுக்குப் பஞ்சமில்லை. ஒன்பது மருந்து. ஆறு மாதத்துக்குச் சேர்த்தே எழுதிக் கொடுத்துவிட்டார்கள், மாதா மாதம் அலையவேண்டாம் என்று. தெருமுனைக் கடைக்காரர் அந்தச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மருந்தை எடுத்துத் தந்தார்.

கடிதத்தை அவருக்கு நான் படித்துக்காட்டவில்லை. படித்துக்காட்டவும் மாட்டேன். சொல்லிவிட்டால் உங்கள் பாரம் இறங்கிவிடும். அதை அவர் தலையில் இறக்க நான் விடமாட்டேன். நீங்கள் அனுப்பினீர்கள், வழியில் தொலைந்தது. அவருக்கு அப்படியே இருக்கட்டும்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு அம்மா வருகிறார். "முதல்ல எந்த வார்த்தை பேசணும்னு ஆசை?" என்று கேட்டு எழுத்துப் பலகையை முன்னால் வைத்தார். மகள் பெயரைக் காட்டுவார் என்று வாலு பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் இடது கையால் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டார். அக்கா. அதற்குப் பிறகு, மன்னிச்சிரு.

பார்சல் வந்தது என்று பொய் சொன்னதால்தான் நீங்கள் மறுபடி அனுப்பாமல் விட்டீர்கள், தன் முட்டாள்தனத்தால் உங்களுக்கு இவ்வளவு வேதனை என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். தினமும் அந்த இரண்டு வார்த்தையைத்தான் பழகுகிறார். அக்கா வந்துவிட்டது. அடுத்த வார்த்தையில் 'ம'வோடு நின்று வேர்த்துப்போகிறது.

நீங்கள் வாருங்கள். வேலையை விட்டே வருவதானாலும் சரி. ஆனால் ஒன்று. அவர் அந்த வார்த்தையைச் சொல்லி முடிக்க ரொம்ப நேரம் எடுக்கும். பக்கத்தில் உட்கார்ந்து முழுசாகக் கேட்கவேண்டும். நடுவில் காலில் விழக்கூடாது, எதையும் சொல்லக்கூடாது. அவர் சொல்லி முடித்ததும் "பரவாயில்லடா, உன்ன மன்னிச்சிட்டேன்" என்று சொல்லவேண்டும். சிரித்துக்கொண்டே சொல்லவேண்டும்.

அது உங்களால் முடியும் என்றால் மட்டும் கிளம்புங்கள்.

உங்கள் தம்பி மனைவி